அந்த ஒரு யூனிட் எங்கே போகிறது? எஃப்ஐஏவுக்கு வேலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

பன்னாட்டு மோட்டார் வாகனக் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் தலைவர் அவர்களுக்கும், ஃபார்முலா ஒன் எஞ்சின் விதிகளை எழுதும் தொழில்நுட்பக் குழுவினருக்கும்,

வணக்கம்.

வேலூர் சத்துவாச்சாரியில், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி, 28 வருடமாக ஆட்டோ எலக்ட்ரிக் பட்டறை வைத்திருக்கிறேன். லாரி, வேன், டிராக்டர் எது வந்தாலும் டைனமோ கழற்றிப் பார்ப்பது, செல்ஃப் மோட்டாருக்குக் கார்பன் மாற்றுவது, எரிந்துபோன வயரிங்கை இழுத்துப் புதிதாகக் கட்டுவது, இதுதான் என் பிழைப்பு. உங்கள் பந்தயத்தைத் தொண்ணூறுகளிலிருந்து பார்த்து வருகிறேன். பெட்ரோலோடு மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ஹைப்ரிட் எஞ்சின் வேண்டுமா வேண்டாமா என்று இப்போது நடக்கும் சண்டையில், டைனமோவோடு வாழ்கிற ஒருவன் சொல்வதற்கும் ஏதோ இருக்கிறது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

பத்து சிலிண்டர் கொண்ட பழைய வி10 எஞ்சினைத் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. 2025 பிப்ரவரியில் தலைவர் அவர்களே அந்தப் பேச்சை எடுத்தார். அப்புறம் அது வி8 என்று மாறியது. எங்கள் ஊர் ரசிகர்கள் பலருக்கு அன்று தலைகால் புரியவில்லை. அந்த ஆசை எனக்கும் உண்டு. அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டால்தான் மற்றதைப் பேச முடியும்.

2011 அக்டோபர் 30. இந்தியாவின் முதல் கிராண்ட் பிரீ, அதாவது ஃபார்முலா ஒன் பந்தயம். நானும் என் மைத்துனரும் காட்பாடியில் ரயிலேறி டெல்லி போய், அங்கிருந்து கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டுக்குப் போனோம். அன்று ஓடியவை 2.4 லிட்டர் வி8 எஞ்சின்கள். நிமிடத்துக்கு 18,000 சுற்று. குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழா வாணவேடிக்கைக்கு நடுவில் நின்று வளர்ந்தவன் நான். அது காதுக்குக் கேட்கும் சத்தம். இது விலா எலும்புக்குக் கேட்டது. பக்கத்தில் நின்ற மைத்துனர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ கத்தினார். வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. மூன்று வருடம் அந்தப் பந்தயம் நடந்தது, மூன்றிலும் செபாஸ்டியன் வெட்டல் ஜெயித்தார், 2013-உடன் நின்றுவிட்டது. அதற்கு அடுத்த வருடம்தான் நீங்கள் ஹைப்ரிட்டைக் கொண்டுவந்தீர்கள். ஆக, இந்திய மண்ணில் நடந்த எந்த கிராண்ட் பிரீயிலும் ஹைப்ரிட் எஞ்சின் முழங்கியதில்லை. இங்கே பலருக்கு அதன்மேல் பாசம் வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

2014 மார்ச்சில் மெல்போர்ன் பந்தயத்தை டிவியில் பார்த்தபோது எனக்கு வந்தது துக்கம்தான். 1.6 லிட்டர் வி6, ஒரு டர்போ, சத்தம் பாதிகூட இல்லை. உலகம் முழுக்கப் புகார் கிளம்பியது. அந்த மே மாதமே மெர்சிடிஸ் பார்சிலோனாவில் நாதஸ்வரத்தின் அணைசு மாதிரி வாய் விரிந்த ஒரு சைலன்சரை மாட்டி ஓட்டிப் பார்த்தது. பலன் இல்லை. 2016-இல் டர்போவின் உபரிப் புகைக்குத் தனிக் குழாய் வைக்கச் சொன்னீர்கள். கொஞ்சம் தேறியது, அவ்வளவுதான்.

என் எண்ணம் மாறியது 2018-இல். அக்கா மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அவன் டிக்கெட் எடுத்துக் கொடுத்து அழைத்ததால் போனேன். சனிக்கிழமை இரவு தகுதிச் சுற்று, ஒற்றைச் சுற்றின் நேரத்தை வைத்து மறுநாள் யார் முன்னால் நிற்பது என்று முடிவாகும் ஓட்டம். ஒரு வளைவின் வெளிப்பக்கம், வேலியை ஒட்டி நின்றோம். ஹாமில்டன் 1 நிமிடம் 36.015 நொடியில் சுற்றி எல்லோரையும் வாயடைக்க வைத்த இரவு அது. எனக்கு அந்த நேரத்தைவிட மனத்தில் நிற்பது வேறு. டயர் தார்மேல் உரசும் சத்தம் கேட்டது. ஓட்டுநர் காலைப் பாதி எடுத்து, மறுபடி அழுத்துவது கேட்டது. அதற்கெல்லாம் மேலே மெல்லியதாக ஒரு விசில். லாரிக்காரர்களோடு பழகிய எனக்கு டர்போ விசில் தெரியும். ஆனால் ஓட்டுநர் காலை எடுத்த பிறகும் இந்த விசில் சாகவில்லை. அதைக் கவனித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன். இது உங்களுக்கு அல்ல, இந்த மடலைப் படிக்கப்போகும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு. லாரி எஞ்சினில் டீசல் எரிந்து வரும் சூட்டில் பெரும்பகுதி சைலன்சர் வழியாக வீணாகப் போகிறது. அந்தப் புகையின் வேகத்தில் சுற்றுவது டர்போ. டிரைவர் காலை எடுத்தால் டர்போ படுத்துவிடும். மறுபடி மிதித்தால் எழுந்திருக்க நேரம் எடுக்கும். ஏற்றத்தில் லோடு வண்டி ஓட்டியவர்களுக்கு அந்த நேரத்தின் நீளம் தெரியும். உங்கள் ஆட்கள் அந்த டர்போவின் தண்டிலேயே ஒரு டைனமோவை மாட்டினார்கள். எம்ஜியூ-எச் என்று பெயர். நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை சுற்றலாம் என்று விதி. வீணாகப் போகும் புகையிலிருந்து மின்சாரம் எடுக்கும். டர்போ படுக்கப் பார்த்தால் அதே டைனமோ மோட்டாராக மாறி அதைச் சுற்றிவிடும். பின்சக்கரப் பக்கம் எம்ஜியூ-கே என்று இன்னொன்று, 120 கிலோவாட். பிரேக் பிடிக்கும்போது டைனமோ, கிளம்பும்போது மோட்டார். நான் தினமும் பெஞ்சில் தனித்தனியாகப் பிரித்துப் போடும் டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் ஒரே உடம்பாக வந்த மாதிரி.

இதனால் 2013-இல் ஒரு பந்தயத்துக்குச் சுமார் 150 கிலோ பெட்ரோல் குடித்த கார்கள், 2014-இல் 100 கிலோவுக்குள் அதே தூரத்தை ஓடின. 2017-இல் மெர்சிடிஸ் தன் சோதனை மேடையில் 50 சதவீத வெப்பத்திறனைத் தாண்டியதாக அறிவித்தது. எரியும் எரிபொருளில் பாதிக்குமேல் ஓட்டமாக மாறுகிறது என்று அர்த்தம். சாதாரண பெட்ரோல் கார் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டாலே பெரிது. இதைச் செய்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். வி10-ஐத் திருப்பிக் கேட்க எனக்கு மனம் வராதது இதனால்தான். சத்தத்துக்காக இந்த வித்தையைக் குப்பையில் போடச் சொல்ல என் தொழில் விடாது.

ஆனால் அந்தப் பன்னிரண்டு வருடமும் நீங்கள் செய்த தவறு ஒன்று இருக்கிறது. இந்த வித்தையைக் கூட்டத்துக்குக் காட்டவே இல்லை. சிங்கப்பூரில் என் பக்கத்தில் நின்ற நூறு பேரில் அந்த விசிலின் அர்த்தம் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அவர்கள் கண்டது, மெர்சிடிஸ் 2014-இலிருந்து 2021 வரை எட்டு வருடம் தொடர்ந்து அணிப் பட்டம் வென்றதை. யாரோ மூடிய அறைக்குள் செய்த ஒரு பெட்டி ஜெயிக்கிறது, நமக்கு அதில் என்ன வேலை என்றுதான் தோன்றும். காரின் குறைந்தபட்ச எடையும் 2013-இல் 642 கிலோவாக இருந்தது, 2025-இல் 800 ஆனது. அதற்கு ஹைப்ரிட் மட்டும் காரணமில்லை; ஓட்டுநர் தலையைக் காக்கும் பாதுகாப்பு வளையமும் பெரிய டயரும் அதில் சேரும். ஆனாலும் பழி முழுக்க ஹைப்ரிட்டின்மேல்தான் விழுந்தது.

இனி 2026 விதிகளுக்கு வருகிறேன். எம்ஜியூ-எச்சை எடுத்துவிட்டீர்கள். செலவு அதிகம், சாலையில் ஓடும் காருக்குப் பயன் குறைவு, புதுக் கம்பெனிகள் அதைப் பார்த்தே தயங்கின என்று காரணம் சொன்னீர்கள். சரி. ஆடி வந்தது, ஃபோர்டு ரெட் புல்லோடு சேர்ந்தது, போகிறேன் என்ற ஹோண்டா தங்கியது. எனக்குப் பிடித்த பாகம் போனதில் வருத்தம் இருந்தாலும் அந்த நியாயம் புரிகிறது. எடையையும் 768 கிலோவாகக் குறைத்தீர்கள், நல்லது. ஆனால் எம்ஜியூ-கேயை 120-இலிருந்து 350 கிலோவாட்டாக உயர்த்தினீர்களே, அங்கேதான் என் கணக்கு இடிக்கிறது.

பட்டறைச் சுவரில் கரித்துண்டால் எழுதி என் பையன்களுக்குக் காட்டிய கணக்கு இது. உங்கள் விதிப்படி ஓட்டத்தில் பேட்டரி ஏறி இறங்கக்கூடிய அளவு 4 மெகாஜூல். அதை மின்வாரிய மீட்டரில் ஓடவிட்டால் 1.1 யூனிட். எங்கள் ஊரில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை வீடுகளுக்கு இலவசம். அதில் ஒரே ஒரு யூனிட்டைக் கிள்ளி எடுத்துக் காருக்குள் வைத்த மாதிரி. அந்த யூனிட்டை 350 கிலோவாட்டில் செலவு செய்தால் பதினொன்றரை நொடியில் தீர்ந்துவிடும். ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம் ஆகிறது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை நிரப்பி, பலமுறை காலி செய்ய வேண்டும். நிரப்புவது எப்படி? பிரேக் பிடிக்கும்போது நிரப்பலாம். போதவில்லை என்றால் நேர்பாதையில் எஞ்சினைக் கொண்டே டைனமோவைச் சுற்ற வேண்டும்.

டைனமோ பாரம் ஏறினால் எஞ்சின் இழுவை குறையும் என்பதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பேட்டரி இறங்கிய வண்டியில் ஹெட்லைட்டும் ஏசியும் போட்டுவிட்டு ஏற்றம் ஏறிப் பார்த்தால் தெரியும். உங்கள் காரில் அந்தப் பாரம் நூறு மடங்குக்கு மேல். ஓட்டுநரின் கால் முழுதாக மிதித்தபடி இருக்கிறது. கார் நேர்பாதையின் நடுவிலேயே மெதுவாகிறது. அல்லது தகுதிச் சுற்றிலேயே வளைவு வரும் முன் காலை எடுத்து உருளவிட வேண்டும். அப்போதைய உலக சாம்பியன் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 2023-லேயே, இத்தாலியின் மோன்சா மாதிரித் தடத்தில் நேர்பாதையில் கியரைக் குறைக்க வேண்டி வருமே என்று கவலைப்பட்டுச் சொன்னார். அவர் பேச்சைத் தோற்கப் பயந்தவன் பேச்சு என்று ஒதுக்க முடியாது.

அப்படி மெதுவான காரை இன்னொரு கார் முந்தினால் எண்ணிக்கையில் ஒரு முந்தல் கூடும். ஆனால் அது பள்ளிகொண்டா டோல் தாண்டி ஏற்றத்தில் லோடு லாரியை ஏசி பஸ் முந்துவது போன்றது. இரண்டு டிரைவர்களில் யார் கெட்டிக்காரர் என்று அதில் தெரியாது.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய வட ஆற்காடு பக்கம் பொங்கல் தாண்டினால் எருது விடும் விழா. தெருவின் இரண்டு பக்கமும் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் ஊரே நிற்கும். ஒரு முனையில் காளையை அவிழ்த்துவிடுவார்கள். குறித்த தூரத்தை எந்தக் காளை குறைந்த நொடியில் கடக்கிறதோ அதற்குப் பரிசு. மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டு மாதிரி பிடிப்பது இல்லை, ஓட்டம்தான். நொடியின் நூறில் ஒரு பங்கு வரை கணக்கு எடுப்பார்கள். அதாவது, உங்கள் தகுதிச் சுற்று.

2014-இல், நீங்கள் ஹைப்ரிட்டைக் கொண்டுவந்த அதே வருடம், உச்ச நீதிமன்றம் இதைத் தடை செய்தது. 2017-இல் தமிழ்நாடு சட்டம் திருத்திய பிறகு மறுபடி வந்தது. வரும்போது கட்டுப்பாடுகளோடு வந்தது: கால்நடை மருத்துவர் சோதனை, தடுப்பு வேலி, முன் அனுமதி. ஊரில் முணுமுணுத்தவர்கள் உண்டு. என் நைனாவே முணுமுணுத்தார். ஆனால் அந்த விதிகள் எதுவும் காளையின் ஓட்டத்தில் கை வைக்கவில்லை. வேலி வந்தது, காகிதம் வந்தது, அவிழ்த்துவிட்ட பிறகு காளை அன்று ஓடியது போலவே இன்றும் ஓடுகிறது. தெருவின் பாதியில் மூச்சைச் சேமிக்க வேண்டும் என்று எழுதியிருந்தால், அடுத்த பொங்கலுக்கு அந்தத் தெருவில் யாரும் நின்றிருக்க மாட்டார்கள்.

நான் உங்களிடம் கேட்பதும் அதுதான். எவ்வளவு நுட்பம் வேண்டுமானாலும் வையுங்கள். ஆனால் தகுதிச் சுற்றில் காலை முழுதாக மிதிப்பவனுக்கு நஷ்டம் வரும்படி எந்த விதியும் இருக்கக் கூடாது. பந்தயத்தில் சேமிக்கட்டும், 50, 60 சுற்று ஓட்டத்தில் எதை எப்போது செலவழிப்பது என்பது பழைய காலத்திலிருந்தே ஓட்டுநரின் கெட்டிக்காரத்தனம்தான். டயரையும் பெட்ரோலையும் சேமித்தவர்கள்தானே சாம்பியன் ஆனார்கள். ஒற்றைச் சுற்று மட்டும் ஒற்றைச் சுற்றாக இருக்கட்டும்.

இதைச் செய்ய வழி இருக்கிறது. மோட்டாரின் உச்ச சக்தியைக் கொஞ்சம் இறக்கி, எஞ்சினின் பங்கைக் கொஞ்சம் ஏற்றலாம். எஞ்சின் பாதி, மோட்டார் பாதி என்ற பேச்சு அறிக்கைக்கு அழகாக இருக்கும். பேட்டரி அதைத் தாங்காதபோது அந்த விகிதத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். இன்னொன்று, இதை நான் பட்டறைக்காரனாகச் சொல்கிறேன்: மின்சாரத்தை முன்சக்கரத்திலிருந்தும் எடுங்கள். பிரேக் அடித்தால் பாரம் முன்னால் சாயும். பிரேக்கின் பெரும்பாதி வேலை முன்சக்கரத்தில் நடக்கிறது. அந்தச் சூடு முழுவதையும் இன்று காற்றில் விடுகிறீர்கள். லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் 2023-இலிருந்து மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்த ஃபெராரி 499பி காரில் மோட்டார் முன் அச்சில்தானே இருக்கிறது? நான்கு சக்கர இழுவை வந்துவிடும் என்ற பயம் உங்களுக்கு இருந்தால், முன்னால் இருப்பதை டைனமோவாக மட்டும் வையுங்கள். எடை கூடும், தெரியும். நேர்பாதையில் மெதுவாகும் காரைவிட சில கிலோ கூடிய கார் மேல் என்பது என் தீர்மானம்.

அடுத்து, காட்டுங்கள். மின்சாரம் நிரப்பும்போது காரின் பின்னால் சிவப்பு விளக்கு மின்னுகிறது. பாதிப் பேருக்கு அது மழை விளக்கு என்று மட்டும்தான் தெரியும். நிரப்புவதற்கு விளக்கு இருக்கும்போது செலவழிப்பதற்கு ஏன் இல்லை? மின்சாரக் கார்கள் ஓடும் ஃபார்முலா இ-யில் கூடுதல் சக்தியைக் கையில் எடுத்த காரின் தலைக்கு மேல் வளையமே ஒளிரும். மொழி தெரியாத குழந்தைக்கும் புரியும். உங்கள் காருக்கும் பக்கவாட்டில் அப்படி ஒரு நிறம் கொடுங்கள். எல்லாக் கார்களின் பேட்டரி அளவையும் திரையில் எப்போதும் காட்டுங்கள். முன்னால் போகிறவனிடம் அரை யூனிட் மிச்சம், துரத்துகிறவனிடம் முழு யூனிட் என்று தெரிந்தால், நேர்பாதை வரும் முன்பே நாங்கள் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவோம்.

காட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. உலக ராலியில் 2022-இல் 100 கிலோவாட் ஹைப்ரிட் கொண்டுவந்தீர்கள். 2024 முடிந்ததும் எடுத்துவிட்டீர்கள். மலைச்சரிவில் நின்று பார்த்த கூட்டத்துக்கு அது இருந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பாகத்தைச் செய்தவர்களின் உழைப்பு அப்படியே போயிற்று. அது எனக்கு வலிக்கிறது.

சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். எம்ஜியூ-எச் போனதால் புகைக்குழாயில் தடை குறைந்து கொஞ்சம் குரல் வருகிறது. அது போதும் என்றும் சொல்லமாட்டேன். அடுத்த விதிகளில் வி8 வைப்பதானால் வையுங்கள், புதுப்பிக்கத்தக்க எரிபொருளில் ஓட்டுங்கள், மகிழ்ச்சி. ஆனால் அதன் பக்கத்தில் ஒரு நியாயமான மோட்டாரையும் பேட்டரியையும் விட்டுவையுங்கள்.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்றால், என் பட்டறையில் இரண்டு பையன்கள் வேலை கற்கிறார்கள். மூத்தவன் ஐடிஐ முடித்தவன். ராணிப்பேட்டையில் மின்ஸ்கூட்டர் ஆலை வந்துவிட்டது. பனப்பாக்கத்தில் டாடாவின் கார் ஆலைக்கு 2024-இல் அடிக்கல் நாட்டினார்கள். இன்னும் பத்து வருடத்தில் இந்தப் பையன்கள் தொடப்போவது மோட்டாரும் பேட்டரியும்தான். மேஸ்திரி எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த காலத்தில், எங்களை லாரியில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு அழைத்துப் போவார். மாருதி 800 எஞ்சின் மாட்டிய குட்டி ஃபார்முலா கார்கள் ஓடும். நாங்கள் தெருவில் ரிப்பேர் பார்த்த அதே எஞ்சின் அங்கே பறப்பதைப் பார்த்தபோதுதான் இந்தத் தொழில்மேல் எனக்கு மரியாதை வந்தது. என் பையன்களுக்கும் அப்படி ஒரு நாள் கிடைக்க வேண்டும். அவர்கள் கையால் கழற்றி மாட்டும் டைனமோவின் பெரிய அண்ணன் பறப்பதை அவர்கள் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் பட்டறையை மூடிவிட்டு மூவரும் போனில் பந்தயம் பார்க்கிறோம். போன வாரம் பழைய பந்தயம் ஒன்றைப் போட்டபோது, பின்விளக்கு மின்னுவதைப் பார்த்து சின்னவன் கேட்டான்: "அண்ணா, அந்த ரெட் லைட் எரியுதே, பிரேக்கா?" இல்லடா, டைனமோ சார்ஜ் ஏறுது என்றேன். அவன் பந்தயத்தை நிறுத்திப் பின்னால் தள்ளி மூன்று முறை பார்த்தான். அப்புறம் எழுந்துபோய் பெஞ்சில் கிடந்த ஒரு லாரி டைனமோவைக் கையில் எடுத்து, தண்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

அன்புடன்,
ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்,
சத்துவாச்சாரி, வேலூர்.